முப்பத்தெட்டாவது கையெழுத்து

அவர் ஒப்பந்தத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

அப்படித்தான் படிப்பார் என்று எனக்குத் தெரியும். ஐந்து மணிக்குள் முடிய வேண்டிய வேலைக்கு நான்கு மணிக்கே வந்து உட்கார்ந்ததும் அதனால்தான்.

அவருடைய அலுவலகத்து உணவுக்கூடம். மேசை ஆடியது. எழுந்து ஒரு காகிதத்தை மடித்து அதன் காலுக்குக் கொடுத்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். மறுபடியும் முதலிலிருந்து, அதாவது கடைசியிலிருந்து, படித்தார்.

மொத்தமே இரண்டு பக்கம்.

மருந்து அட்டையைக் கைபேசிக்கு முன் காட்டினால், அதில் இருப்பதை உரக்கப் படித்துச் சொல்லும் ஒரு செயலி. பார்வை குறைந்தவர்களுக்காகப் பத்து வருடங்களுக்கு முன் முப்பத்தெட்டுப் பேர், பாதிப் பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலேயே, ஆளுக்குக் கொஞ்சமாக எழுதிச் சேர்த்தது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

தொடங்கியவள் நான். நான்கு வருடங்களுக்கு முன் அப்படியே போட்டுவிட்டுப் போனவளும் நான்தான். அதன் பிறகு யாரும் தொடவில்லை. புதுக் கைபேசிகளில் அது "மன்னிக்கவும்" என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டது.

போன வருடம் ஒரு பாட்டு டீச்சர் கடிதம் எழுதினார். காலை மாத்திரை என்று நினைத்து இரவு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பிள்ளைகள் பாடிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிட்டாராம். உங்கள் செயலி என்னிடம் மன்னிப்புக் கேட்டது, நான் தலைமையாசிரியரிடம் கேட்டேன் என்று முடித்திருந்தார்.

அன்றே தூசி தட்டி எடுத்தேன். எட்டு மாதத்தில் மறுபடி பேச வைத்தேன். இனி அது என் மனநிலையை நம்பி இருக்கக் கூடாது என்று ஓர் அறக்கட்டளையைக் கேட்டேன். ஏற்றுக்கொள்கிறோம் என்றார்கள். ஆனால் எழுதிய அத்தனை பேரும், 'பின்னால் வந்து உரிமை கேட்க மாட்டேன்' என்று தாளில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். இன்று ஐந்து மணி கடைசி. விட்டால் அடுத்த வருடம்தான்.

முப்பத்தேழு பேர் போட்டுவிட்டார்கள். ஒருவர் பிரசவ அறைக்கு வெளியே நின்றுகொண்டு போட்டார். ஒருவர் துறவியாகியிருந்தார். எல்லாவற்றையும் விட்டாயிற்று, இதை விட்டதற்கு மட்டும் ஏன் சாட்சி என்று கேட்டுவிட்டுப் போட்டார். செயலியில் ஒரே ஒரு முற்றுப்புள்ளி மட்டும் சேர்த்திருந்தவர், நன்றிப் பட்டியலில் தன் பெயர் வருமா என்று மூன்று முறை கேட்டார்.

மிச்சம் இவர். நான் அனுப்பிய மூன்று மின்னஞ்சலுக்கும், எண் போட்டுக் கேள்விகள்தான் பதிலாக வந்தன.

இவர் எழுதியது நானூறு வரி நிரல். படம் கலங்கலாக இருந்தால், "தெளிவா இல்லை, கொஞ்சம் கிட்ட வாங்க" என்று செயலி சொல்லுமே, அந்தப் பகுதி. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு நீயே எழுதிக்கொள்ளேன், இரண்டு நாள் வேலை என்றாள் தங்கை. அவளும் இதே தொழில்தான். அவள் சொன்னது சரி. இரண்டு முறை உட்கார்ந்தேன். இரண்டு முறையும் துணி அலமாரியை அடுக்கி வைத்துவிட்டுப் படுத்தேன்.

மணி நான்கரை. அவர் விரல் ஒரு வரியில் நின்றது.

"'என்றென்றைக்கும், திரும்பப் பெற முடியாதபடி'ன்னு போட்டிருக்கு. இதுக்கெல்லாம் யோசிக்காம கையெழுத்துப் போடக்கூடாதுங்க."

"நீங்க எழுதினதுக்கு மட்டும்தாங்க அது. உங்களுக்கு இல்லை."

சிரிப்பு வந்ததை மறைக்கக் கண்ணாடியை மறுபடி துடைத்தார்.

சட்டைப்பையில் இருந்த அவருடைய பேனா எழுதவில்லை. அவர் பேனாக்கள் எதுவும் எழுதாது. நான் கொண்டுவந்திருந்ததை நீட்டினேன். பெயர், பிறந்த தேதி, முகவரி, கையெழுத்து. அடித்தல் திருத்தல் இருந்தால் செல்லாது என்று கீழே தடித்த எழுத்தில் இருந்ததால், அச்சுக் கோத்த மாதிரி ஒவ்வொரு எழுத்தாக வைத்தார்.

தாளைப் படமெடுத்து அனுப்ப வேண்டியதுதான். எனக்கு ஒரு சின்ன ஆசை. செயலி பிழைத்துக்கொண்டதை அவர் கேட்கட்டும் என்று, அதிலேயே எடுத்தேன்.

கைபேசியைத் தள்ளிப் பிடித்துவிட்டேன் போலிருக்கிறது.

"தெளிவா இல்லை, கொஞ்சம் கிட்ட வாங்க" என்றது.

கிட்டப் போனேன். அவர் பெயரைப் படித்தது. பிறந்த தேதியைப் படித்தது. பிறகு, பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக, "கதவு எண் பதினேழு, இரண்டாம் மாடி, தபால் நிலையத்துக்கு எதிரில்" என்றது.

இருவரும் தாளைப் பார்த்தோம்.

அது என் வீடு. விவாகரத்துத் தாளில், நின்ற வாக்கிலேயே, ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, நான்கு வருடங்களுக்கு முன் அவர் இரண்டு பெட்டியோடு இறங்கிப் போன வீடு.

சுவரோரம் அச்சு இயந்திரம் இருந்தது. புதிதாக ஒரு தாள் எடுத்து எழுத இன்னும் இருபது நிமிடம் இருந்தது. இயந்திரத்தை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி உறைக்குள் வைத்தார்.

நான் அனுப்பிவிட்டேன்.

உடனே பதில் வந்தது. எல்லாம் சரியாக இருக்கிறதாம். ஒப்பந்தத்தின் நகல், பத்து நாளில், அவர் கொடுத்த முகவரிக்குத் தபாலில் வருமாம். அவரே நேரில் வாங்கிக்கொள்ள வேண்டுமாம்.