உவமைக்கு ஐந்து மதிப்பெண்

விடைத்தாள் திருத்தும் முகாமில் உவமையைப் படிக்க வேண்டியதில்லை, கண்ணில் பட்டால் போதும். 'போல' எங்கே வருகிறதோ அங்கே செண்பகவல்லி டீச்சரின் சிவப்புப் பேனா ஒரு டிக் அடித்துவிட்டு நகர்ந்துவிடும். இன்றைய வருணனைக் கட்டுரை, 'என் வீட்டில் ஒரு காலை'. "அப்பாவின் கைகள் அம்மாவின் கழுத்தில் மாலை போலக் கிடந்தன." டிக். "அம்மாவின் கால்கள் கரையில் போட்ட மீன் போலத் துள்ளின." டிக். "அதன்பின் அம்மா, அம்மா போலவே இல்லை." ஒன்றை அதனோடே ஒப்பிடுவது பிழை என்று வட்டம் போடத் தொடங்கினாள். வட்டம் மூடுவதற்குள் பேனா நின்றுவிட்டது.

தாளை எடுத்துக்கொண்டு முதன்மைத் தேர்வாளர் ஞானதுரையிடம் ஓடினாள்.

"சார், இது எந்தப் பிள்ளைன்னு தெரியணும்."

"பேரு, நம்பர் எல்லாம் கிழிச்சுட்டுத்தானே டீச்சர் நம்மகிட்ட வருது? யாருன்னு தெரியக் கூடாதுன்னுதான்." இரண்டு வரி பார்த்தார். "நல்ல கற்பனை. அஞ்சுக்கு அஞ்சு போடுங்க."

"கற்பனை மாதிரி இல்லையே சார்."

அவர் அதற்குள் அடுத்த கட்டைப் பிரிக்க ஆரம்பித்திருந்தார். டீச்சர் நின்ற இடத்திலேயே தாளைத் திருப்பினாள். பரீட்சை நடந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. கடைசி வரியில் உவமை எதுவும் இல்லை.

"பரீட்சை முடிந்ததும் என்னைக் கூட்டிப்போக அப்பா வாசலில் நிற்பார்."