கேட்டேன்

"மறைக்காம சொல்றேன் சார். நத்தை அண்ணனாலதான் நம்ம குழு பின்னாடி கிடக்கு."

சொல்லி முடித்ததும் அவள், பொய் ஒன்றும் சொல்லவில்லையே என்று தன்னையே தேற்றிக்கொண்டாள்.

"நீயாவது வாயைத் திறந்தியே" என்றார் மேலாளர்.

வேலை இதுதான். மருத்துவமனைகளில் பதிந்துவிட்டுக் காத்திருப்பவர்களை இயந்திரமே போனில் கூப்பிட்டு, ஒரு பெண் குரலில் விசாரிக்கும். பதிலை வைத்து யார் அவசரம், யார் காத்திருக்கலாம் என்று அதுவே பிரித்துவிடும். ஆனாலும் உயிர் விஷயமாயிற்றே. அதனால் ஒவ்வொரு பேச்சையும் ஒரு மனிதர் முழுக்கக் கேட்டு, 'கேட்டேன்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தியவரின் பணி எண் அதன் கீழே வந்து விழும். பேசியவரின் பெயர் மட்டும் யாருக்கும் தெரியாது.

முழுக்கக் கேட்பது என்பதெல்லாம் பேச்சுக்குத்தான்; கேட்காமலே அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். இயந்திரம் தப்பு செய்து அங்கே யாரும் பார்த்ததில்லை. பார்த்தால்தானே.

மெதுவாக வேலை செய்வதால் எல்லோரும் நத்தை என்று அழைக்கும் அந்த மனிதர் மட்டும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். "அண்ணன் தியானத்துல இறங்கிட்டார்" என்று ஒருவன் ஆரம்பிப்பான். எழுப்பிவிட ஒரு ஆள் போடணும் என்பான் இன்னொருவன். "ஓடுறவங்க ஓடுங்கப்பா" என்று எரிந்து விழுந்துவிட்டு, அவர் மறுபடி கண்ணை மூடிக்கொள்வார்.

சுவரில் இருந்த பெரிய திரையில் அவர்கள் குழுவின் வேகம் சிவப்பிலேயே நின்றது. அவளுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். இந்த மனுஷனோடு சேர்ந்து தானும் வீட்டுக்குப் போகவேண்டி வந்துவிடுமோ என்று பயந்துகொண்டே இருந்தாள்.

அந்த இயந்திரத்தின் மேல் அவளுக்குத் தனிப் பாசம் வேறு. போன மாதம் அப்பா அவளிடம் சொல்லாமலே ஒரு மருத்துவமனையில் பதிந்துவிட்டு வந்திருக்கிறார். உடனே வரச்சொல்லி அங்கிருந்து அழைப்பு வந்து, போனவருக்கு இதயக் குழாயில் அடைப்பு. கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆள் தேறியிருக்க மாட்டார் என்றாராம் டாக்டர்.

"நம்ம மிஷின்தான் எங்கப்பாவைக் காப்பாத்துச்சு" என்று அலுவலகம் முழுக்கச் சாக்லேட் கொடுத்தாள். நத்தை மட்டும் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, எந்த மருத்துவமனை, என்றைக்குக் கூப்பிட்டார்கள் என்று துருவினார். பதிலைக் கேட்டதும் அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"இப்ப படி ஏற முடியுதாம்மா அவரால?" என்று மட்டும் கேட்டார்.

இன்றைக்கு மேலாளர் அந்த நத்தையைத்தான் அறைக்குள் கூப்பிட்டார். அவளையும் இருக்கச் சொன்னார்.

"உங்க வேலையே மலை மாதிரி கிடக்கு. அடுத்தவங்க முடிச்சதை எதுக்குத் திறந்து பார்க்கிறீங்க?"

நத்தை தயங்கித் தயங்கிச் சொன்னார். "சில பேர் 'இல்லை'ன்னு ஆரம்பிச்சுத்தான் சார் எல்லாத்தையும் சொல்வாங்க. மிஷின் அந்த 'இல்லை'யோட நிறுத்திக்குது. அந்த மாதிரிப் பேச்சையெல்லாம் நான் இன்னொரு தடவை கேட்கிறேன். சந்தேகமா இருந்தா கூப்பிட்டுப் பேசுவேன்."

"நல்லா கதை விடுறீங்க. நீங்க திறந்ததுல ஒண்ணைப் போட்டே பார்த்துடுவோம்."

மேலாளர் திரையில் விரலை வைத்த இடத்தைப் பார்த்ததும் நத்தை எழுந்துவிட்டார். "அது வேண்டாம் சார். வேற ஒண்ணு போடுங்க."

"அப்ப இதைத்தான் போடணும்."

இயந்திரம் பேசியது. "உங்களுக்கு நெஞ்சுவலி இருக்கிறதா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. படி ஏறினாத்தான் நெஞ்சுல கல்லைத் தூக்கி வெச்ச மாதிரி ஆயிடுது. கையெல்லாம் மரத்துப்போகுது. என் பொண்ணு இப்பத்தான் வேலைக்குச் சேர்ந்திருக்கா, அவளை எதுக்கு அலைய விடணும்னு..."

"நன்றி. வலி இல்லை என்று பதிவு செய்துகொண்டோம்."

"சரிம்மா. நீ சாப்பிட்டியா?"

முதல் 'அதெல்லாம்' வந்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தினமும் சாயங்காலம் போனில் கேட்கிற குரல். உடம்பு எப்படி இருக்கு என்றால் அதே 'ஒண்ணும் இல்லம்மா', கடைசியில் அதே 'சாப்பிட்டியா'. 

மேலாளரின் குரல் இறங்கிவிட்டது. "காத்திருக்கலாம்னுல்ல போட்டிருக்கு. இந்த ஆள் என்ன ஆனார்?"

"நல்லா இருக்கார் சார். அன்னிக்கே அவர்கிட்ட பேசிட்டு, ஆஸ்பத்திரிக்கும் சொல்லிட்டேன்."

"முதல்ல இதுல 'கேட்டேன்'னு அழுத்தின புண்ணியவான் யாரு? கீழே எண் இருக்குமே." மேலாளர் மூக்குக் கண்ணாடியைத் தேடினார்.

நத்தை நகர்ந்து திரையை மறைத்தாற்போல் நின்றுகொண்டார். "யாரா இருந்தா என்ன சார். கை தவறி அழுத்தியிருப்பாங்க. என்னை வேற இடத்துக்கு மாத்தணும்னா மாத்திடுங்க, இதை விட்டுடுங்க."

அவள் பக்கம் அவர் திரும்பவே இல்லை. ஆனால் அவர் மறைப்பதற்கு முன்பே அவள் அந்த எண்ணைப் பார்த்திருந்தாள்.

அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி, எண் தெரியும்படி மேலாளர் முன்னால் வைத்தாள்.

"நான்தான் சார் அழுத்தினேன். எங்கப்பா பேசினதை நான் கேட்கவே இல்லை."