கெட்டியாப் பிடிச்சுக்கோ

மோப்ப நாய் முருகம்மாளின் கையை முகர்ந்து பார்த்துவிட்டு, அவள் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டது.

குரைத்திருந்தாலாவது தேவலை. உட்கார்ந்தால்தான் ஆபத்தாம். வரிசையில் நின்றவர்கள் சட்டென்று விலகினார்கள்.

"வெடிமருந்து! இந்தம்மாவை வெளியே அனுப்புங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஐயா, நான் பட்டாசுக் கம்பெனியில மருந்து செலுத்துறவ. காலையில சோப்புப் போட்டுத் தேய்தேய்னு தேச்சுத்தான் வந்தேன். நகக்கண்ணுல ஏறுனது எங்கனய்யா போகும்?"

"வர்றது வெளிநாட்டு விருந்தாளி. நாய் உட்கார்ந்தா உள்ள விடக்கூடாது. விதி விதிதான்."

அச்சங்குளத்திலிருந்து சூலக்கரை மண்டபத்துக்கு முருகம்மாள் வேடிக்கை பார்க்கவா வந்தாள்?

ஜப்பானில் ஏதோ ஒரு மாகாணமாம். டெல்லி பார்த்துக்கொள்ளட்டும் என்று இருக்காமல், நம் மாநில அரசே அந்த மாகாணத்தோடு நேரடியாகப் பேசி, ஆமத்தூரில் தீக்காய ஆஸ்பத்திரிக்கு ஏற்பாடு செய்திருந்தது. இன்றைக்கு ஒப்பந்தம். 'பட்டாசு மருந்தில் வேலை செய்கிற ஒருவர் வாயால் கேட்ட பிறகுதான் கையெழுத்து' என்று அந்த மாகாணத் தலைவியம்மாள் சொல்லிவிட்டாராம்.

அந்த ஒருவர் முருகம்மாள். உடம்பெல்லாம் வெந்த புருஷனை மதுரைக்குக் கொண்டுபோகிற வழியிலேயே பறிகொடுத்தவள்.

"அவளுக்குப் பதிலா நான் பேசிட்டாப் போச்சு" என்றார் அவள் கம்பெனி முதலாளி சீனிவாசகம்.

அவர் பேசினால் ஏற்றுமதியைப் பற்றித்தான் பேசுவார். பக்கத்திலேயே ஆஸ்பத்திரி வந்தால் விபத்தெல்லாம் வெளியே தெரிந்துவிடுமே! நாய் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மருந்தைத் தொட்டால்தானே?

முருகம்மாள் விழா அதிகாரி லட்சுமிகாந்தத்தைப் பார்த்தாள்.

"சார், நீங்கதான வீடு தேடி வந்து கூப்பிட்டீக. நீங்களாச்சும் சொல்லுங்க."

"இன்ஸ்பெக்டர் சொல்றது சரிதான். வெளிய போம்மா."

பாவி மனுசன்! அன்றைக்கு அவள் வீட்டில் காபி குடித்துவிட்டு, "நீ பேசினாத்தான் ஆஸ்பத்திரி வரும்" என்ற அதே வாய்.

தள்ளாத குறையாக அவளை வாசலுக்குக் கூட்டி வந்த லட்சுமிகாந்தம், ஒரு சால்வையைக் கையில் திணித்தார்.

"வந்ததுக்கு விருந்தாளிக்கு இதையாவது போட்டுட்டுப் போ. கார் இங்கனதான் நிக்கும். போட்டதும் அந்தம்மா கை ரெண்டையும் கெட்டியாப் பிடிச்சுக்கோ. நான் சொல்ற வரைக்கும் விடாத."

"எதுக்கு சார்?"

"சொன்னதைச் செய்."

பேச வந்தவளைச் சால்வை போட நிறுத்திவிட்டார்களே! முருகம்மாளுக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது.

கார் வந்தது. நரைத்த தலையோடு சின்ன உருவமாய் இறங்கினார் அந்த அம்மாள். முருகம்மாள் சால்வையைப் போர்த்தினாள். இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அந்த அம்மாளும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"போதும், விடு" என்றார் லட்சுமிகாந்தம்.

விருந்தாளி சிரித்த முகத்தோடு மண்டபப் படியேறினார். கதவோரம் நின்றிருந்த நாய் எட்டி வந்தது. அவர் கையை முகர்ந்தது.

உட்கார்ந்துவிட்டது.

நாதஸ்வரம் பாதியில் நின்றது. இன்ஸ்பெக்டருக்கு வியர்த்துக் கொட்டியது.

"நா... நாய்க்கு இன்னிக்கு என்னமோ சரியில்ல சார்."

"அப்படின்னா முருகம்மாவையும் உள்ள விட்டுரலாம்" என்றார் லட்சுமிகாந்தம் மெதுவாக. "இல்ல, விதி விதிதான்னா இவங்களையும் வெளிய நிறுத்தணும். எது வசதி?"

இன்ஸ்பெக்டர் நாயை இழுத்துக்கொண்டு வழிவிட்டார்.

"முருகம்மா, உள்ள வாங்க! நீங்க பேசுற நேரம்" என்று கூப்பிட்டார் லட்சுமிகாந்தம்.

மேடைப் பக்கம் விறுவிறுவென்று போனவளிடம், அவர் முகத்தைத் திருப்பாமலே முணுமுணுத்தார்:

"பரவாயில்லையே... நல்லா கெட்டியாத்தான் பிடிச்சிருக்கீக!"