முதலாவதாகக் கண்டுபிடித்தவர்

‘இதை உண்மையாகவும் முதலாவதாகவும் கண்டுபிடித்தவன் நானே’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, மை காயட்டும் என்று வெள்ளத்துரை ஊதிக்கொண்டிருந்தார். வக்கீல் முகத்தைப் பார்க்காமல் இருக்க அது ஒரு சாக்கு.

கண்டுபிடித்தவள் வெளியே வராந்தாவில் நின்றிருந்தாள்.

எண்ணூர்க் குப்பத்து மீன்காரி பச்சையம்மா. கூடையிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டி முகம், கழுத்து, ரவிக்கை எல்லாம் நாறுகிறதே என்று நொந்துபோய், ஒருநாள் வெள்ளத்துரையின் ராயபுரம் தகரக் கடையில் வந்து உட்கார்ந்தாள். தரையில் கரித்துண்டால் வரைந்து காட்டினாள். கூடைக்கு அடியில் விளிம்பு உயர்ந்த தட்டு. பக்கத்தில் ஒரு மூக்கு, அதற்குத் தக்கை. நிறைந்தால் பிடுங்கி ஊற்றிவிடலாம். வெள்ளத்துரை செய்ததெல்லாம் வெட்டி, மடித்து, ஈயம் வைத்து ஒட்டியதுதான்.

வக்கீல் பக்தவச்சலம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார். பெயரை மட்டும் டிரேட் மார்க்காகப் பதிந்தால் யாருடைய யோசனை என்று ஒருவனும் கேட்கமாட்டான். ஆனால் அதே தட்டை வேறு பெயரில் எவனும் செய்யலாம். பேட்டண்ட் என்றால் வேறு யாரும் தொட முடியாது. அதற்கு, கண்டுபிடித்தவன் நான் என்று எழுதிக் கொடுக்கவேண்டும்.

எண்ணூரிலிருந்து காசிமேடு வரை எத்தனை கூடை! நெற்றி நிறையத் திருநீறு பூசுகிற வெள்ளத்துரை, கூசாமல் பேட்டண்ட் என்றார்.

ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிற பொருளுக்குப் பேட்டண்ட் கிடையாதாம். தட்டு பச்சையம்மாவிடம் புழங்குவதால், அது சோதனைக்குக் கொடுத்ததுதான் என்று அவளே கைநாட்டு வைக்கவேண்டுமாம். அதற்குத்தான் அழைத்து வந்திருந்தார்.

உள்ளே வந்தவளுக்கு வக்கீல் முழுவதையும் தமிழில் படித்துக் காட்டினார். வெள்ளத்துரைக்குக் காது மடல் சுட்டது. இதோ கத்தப்போகிறாள், மானம் போகப்போகிறது என்று நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவள் கத்தவில்லை. பெருவிரலை மசியில் ஒற்றிப் பதித்தாள்.

“என்னுதுன்னு சொன்னா எவன் காதுல போட்டுக்குவான், நைனா? உம் பேர்லியே இருக்கட்டும். எங்க குப்பத்துப் பொம்பளைங்க பழைய டப்பாவுல இதே தட்ட அட்ச்சி வெச்சிக்கினா மட்டும் கேஸு கீஸு போட மாட்டேன்னு கையில அட்ச்சி சொல்லு.”

அவள் நீட்டிய கையில் வெள்ளத்துரை அடித்துச் சொன்னார். அவள் சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போனாள்.

வக்கீல் காகிதத்தை மடிக்காமல் வைத்திருந்தார்.

“அந்த வாக்கைக் காப்பாத்துறதா இருந்தா டிரேட் மார்க்கே போதும். இதைக் கிழிச்சிடலாமா?”

பேட்டண்டே இருக்கட்டும் என்றார் வெள்ளத்துரை, தரையைப் பார்த்தபடி.

வக்கீல் காதில் அது விழவில்லை. இன்னொரு தடவை, உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது.