ஒத்தைக் கீறல்

"பலகையில கை வைக்காத வளரு. ஒடச்சிப்புடுவ."

எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு, வளர்மதியின் முன்னால் இருந்த பலகையைத் தூக்கிக்கொண்டு போனாள் கூட வேலை செய்கிற சிவசங்கரி. பலகையில் உள்ளங்கை அளவு யானைகள். இன்னும் சூளைக்குப் போகாத பச்சை மண் யானைகள்.

வளர்மதிக்கு முகம் சுருங்கிவிட்டது.

எட்டு மாதம் கழித்து அந்த ஜூன் முதல் வாரம்தான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். விருத்தாசலத்தில் ஒரு செராமிக் பட்டறை. அச்சிலிருந்து வரும் பொம்மைக்கு ஓரம் சீவி, ஸ்பாஞ்சால் துடைக்கிற வேலை. முடக்குவாதம் வந்து விரலெல்லாம் வீங்கி, தலைகூடப் பின்னிக்கொள்ள முடியாமல் கிடந்தவள்.

பாண்டிச்சேரி டாக்டர் மருந்தை மாற்றியிருந்தார்.

"பழைய மாத்திரை கேக்கல. இனிமே வாரத்துக்கு ஒரு ஊசி, நீங்களே போட்டுக்கலாம். பலன் தெரிய மூணு மாசம் ஆவும். அவசரப்படாதீங்கம்மா."

முதலாளி ராஜமாணிக்கத்துக்குத்தான் அவசரம்.

"எனக்குக் கொலு சீசன்மா. ஒரு மாசம் பாக்கறேன். உன் பலகையில ஒடசல் வந்தா வேற ஆளப் போட்டுடுவேன். தப்பா நெனைக்காத."

ஓரம் சீவும்போது கை கொஞ்சம் அழுத்தினாலும் போச்சு. பச்சையில் லேசில் தெரியாது. காய்ந்ததும் தும்பிக்கை தனியாக விழுந்து கிடக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஊசி. முதல் தடவை கணவன் கொளஞ்சிநாதன்தான் போட வந்தான், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு.

"கண்ணத் தொறந்துகிட்டுக் குத்துங்க. பாய்ல குத்திடப் போறீங்க!"

அடுத்த வாரத்திலிருந்து அவளே போட்டுக்கொண்டாள். மறுநாள் முழுக்கக் குமட்டும். சோற்று வாசனையே ஆகாது. அப்படியே பஸ் ஏறி வேலைக்கு வருவாள்.

வந்தால் சிவசங்கரி.

"ஏன், வூட்லயே இருந்தா என்ன? இங்க வந்து எங்க உயிர எடுக்கணுமா? குடு அந்தப் பலகைய."

தினமும் பிடுங்கிக்கொண்டு போய்க் காயவைக்கிற அடுக்கில் அவளே வைப்பாள்.

"மொதலாளிகிட்ட சொல்லேன்" என்றான் கொளஞ்சிநாதன்.

"சொன்னா என்னத்தான் நிக்கச் சொல்லுவாரு. அவ பதினாலு வருஷத்துக் கை."

ஆனால் ஒரு அதிசயம். காலையில் முதலாளி வந்து பார்த்தால் வளர்மதியின் பலகையில் ஒன்றுகூட உடைந்திருக்காது. உடைந்ததெல்லாம் சிவசங்கரியின் பலகையில்.

"என்ன சிவசங்கரி, தெனம் இத்தன போவுது? எட்டு மாசம் படுத்துக் கெடந்த பொண்ணப் பாத்துக் கத்துக்க!"

சிவசங்கரி குனிந்து உடைந்ததை அள்ளி, மண் கரைக்கிற தொட்டியில் போடுவாள்.

வளர்மதிக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. நல்லா வேணும்! விரல் இன்னும் வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் ஊசி வேலை செய்யுது, செய்யாமலா பலகை இப்படி இருக்கும்?

ஒரு மாதம் தாண்டியது. வேலை போகவில்லை.

ஆகஸ்ட் பிறந்த அன்று சிவசங்கரி ஒரு புதுக் குண்டு போட்டாள்.

"இன்னைக்கிலேர்ந்து உன் பலகைய நீயே தூக்கு. நான் என்ன உனக்குக் கூலியாளா?"

வளர்மதி பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினாள். விழவில்லை. உடையவும் இல்லை.

மாதக் கடைசியில் ஒருநாள் பேக்கிங்குக்கு ஆள் வரவில்லை.

"வளர்மதி, நீ போய் யானையெல்லாம் வைக்கோல் சுத்தி அடுக்கும்மா" என்றார் முதலாளி.

வேலைக்குத் திரும்பிய பிறகு வெந்த பொம்மைகளை அவள் பார்ப்பது அன்றுதான். ஆசையாக ஒரு யானையை எடுத்து வயிற்றைத் திருப்பிப் பார்த்தாள்.

ஓரம் சீவுகிறவர்கள் நகத்தால் அடியில் ஒரு அடையாளம் போடுவது வழக்கம். பின்னால் குறை தெரிந்தால் யார் கை என்று கண்டுபிடிக்க. சூளையில் வெந்துவிட்டால் அழியாது. சிவசங்கரிக்கு மூன்று புள்ளி. வளர்மதிக்கு இரண்டு கீறல்.

இந்த யானையிலும் இரண்டு கீறல்.

வளர்மதி அதை வெளிச்சத்துக்குக் காட்டி மறுபடியும் பார்த்தாள்.

நோய்க்கு அப்புறம் அவள் இரண்டு கீறல் போட்டதே இல்லை. ஒரு தடவை நகத்தை அழுத்துவதற்குள் உயிர் போய் வரும். ஒன்றோடு விட்டுவிடுவாள். வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் மாதச் சரக்கு இருந்த பெட்டியைப் பிரித்துப் பார்த்தாள். கீறல் இருந்த யானைகளில் ஒத்தைக் கீறல் பத்துக்கு இரண்டுகூட இல்லை. மற்றதெல்லாம் இரண்டு கீறல்.

அப்படியானால் அது என் கை இல்லையா? சிவசங்கரி பலகையில் உடைந்து கிடந்ததுதான் என் கையா? ஊசி எதுவும் செய்யவில்லையா? கண் கலங்கிவிட்டது.

ஜூலைப் பெட்டி. பாதிக்குப் பாதி.

ஆகஸ்ட் பெட்டியைப் பயந்துகொண்டே பிரித்தாள். ஒவ்வொன்றாகத் திருப்பினாள். ஒத்தைக் கீறல். ஒத்தைக் கீறல். கடைசி யானை வரைக்கும் ஒத்தைக் கீறல். அத்தனை தும்பிக்கையும் நிமிர்ந்து நின்றது.

அது அவள் கைதான். அவள் கை மட்டும்தான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். பக்கத்தில் சிவசங்கரி தலை குனிந்து சீவிக்கொண்டிருந்தாள். வளர்மதி வாயில் வந்ததைச் சொன்னாள்.

"அக்கா... நோவு வந்ததிலேர்ந்து எனக்கு ஒரு கீறல்தான்."

சிவசங்கரியின் கத்தி நின்றது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு நிமிராமலே முணுமுணுத்தாள்.

"அத மொதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன? ரெண்டு மாசமா ரெண்டு ரெண்டா கீறி என் நகமே தேஞ்சிபோச்சு."