பத்தாயிரம் முதுகுகள்

புற்றின் அடியறையில் முட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்த செல்லாயி எறும்பு, மூன்று மழைக்காலமாக ஒரே மனுவைத்தான் கொடுத்துவந்தாள். "வருஷா வருஷம் ஈரம் ஏறுது. முட்டைகளை மேலே மாத்தப் பத்துப் பேர் கொடுங்க." யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நாலாம் வருஷம் அலுத்துப்போய், "தண்ணீர் என்றொரு எதிரி வருகிறான்" என்று எழுதிக் கொடுத்தாள்.

அவ்வளவுதான், புற்றே அதிர்ந்தது. பத்தாயிரம் வீரர்கள் தாடையை விரித்தபடி வாசலில் அணிவகுத்தார்கள். செல்லாயி வரிசை வரிசையாக அவர்களைப் பார்த்தாள். இத்தனை பேரும் இவ்வளவு நாள் இங்கேயேதான் இருந்தார்களா?

தளபதி வீரணனிடம் ஓடினாள். "அண்ணே, முட்டை தூக்க இதுல பத்துப் பேர் வந்தாப் போதும்."

"போர் நேரத்துல யாரும் இடத்தைவிட்டு அசையக் கூடாதும்மா. எதிரி இந்த வாசலைத் தாண்ட மாட்டான்."

உண்மைதான், தாண்டவில்லை. அவள் இறங்கிப் போனபோது தண்ணீர் தரையிலிருந்தே ஊறிக்கொண்டிருந்தது. சத்தமில்லை, அவசரமில்லை. அறை முழுக்கப் பளபளத்தது. முட்டைகள் ஒவ்வொன்றாக மிதக்கத் தொடங்கின. இவ்வளவு பெரிய அமைதியை அவள் பார்த்ததேயில்லை.

எட்டிய ஒரு முட்டையைக் கவ்விக்கொண்டு மேலே ஓடினாள். வாசலை அடைத்துக்கொண்டு பத்தாயிரம் முதுகுகள் நின்றன. வாயில் முட்டை இருந்ததால் அவளால் கூப்பிடவும் முடியவில்லை.