கெட்டிச் சாணம்

கூரை இடுக்கு வழியே வந்த காலை வெளிச்சம் கன்றின் முதுகில் கோடாக விழுகிறது. மூன்று நாளாக வயிறு கழிந்து துவண்டு கிடந்த கன்று இப்போது எழுந்து நிற்கிறது. அவள் குத்துக்காலிட்டு அதன் வாலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் உப்பும் சர்க்கரையும் கரைத்த புட்டி. தாய்க்குப் பால் சுரக்காததால், மூத்த பசு ஈன்றபோது கறந்த சீம்பாலை ஐஸ்கிரீம் டப்பாவில் ஊற்றி ஃப்ரீசரில் உறையவைத்திருந்து, இப்போது உருக்கி ஊட்டுகிறாள். ஜன்னலில் போன வருடம் மிஞ்சிய ஆன்டிபயாடிக் ஊசிமருந்துக் குப்பி. "இதுக்கு ஊசி வேண்டாம், உடம்புல தண்ணி வத்தாம பாத்துக்கோங்க" என்று மாட்டு டாக்டரம்மா சொன்னதிலிருந்து, "ஊசி போடாத டாக்டரு" என்று கணவன் முணுமுணுத்தபடியே இருக்கிறான். கன்று வாலைத் தூக்குகிறது. பொத்தென்று கெட்டியாக விழுகிறது. "என்னங்க, ஓடி வாங்க! சாணியப் பாருங்க!" அவன் வந்து குனிந்து பார்க்கிறான். "கல்யாணத்தன்னிக்குக்கூட உன் மூஞ்சி இப்படி மலரலயேடி" என்கிறான். குப்பியை எடுத்து, டாக்டரம்மாவிடம் திருப்பிக் கொடுக்கப் பையில் போடுகிறான். அவள் ஒரு கை பசும்புல்லோடு மூத்த பசுவிடம் போய், அதன் நெற்றியில் தன் நெற்றியை வைக்கிறாள். "எல்லாம் நீ குடுத்ததுதாண்டி." பசுவின் கண் புல்லிலேயே இருக்கிறது.